பர்மனன்ட் போன்

நெய்வேலியில் ஒருவரை எடைபோட ஒரே கேள்வி போதும். பர்மனன்டா, கான்ட்ராக்டா? பெண் கேட்டு வருபவர் கேட்பார், வீடு வாடகைக்கு விடுபவர் கேட்பார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேரைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுவார். மந்தாரக்குப்பத்தில் குடியிருந்த சிங்காரவேல் இருபத்தொரு வருடமாக இதற்கு ஒரே பதிலைச் சொல்லிவந்தார். "இப்போதைக்கு கான்ட்ராக்ட்டுங்க." அந்த 'இப்போதைக்கு' அவருடைய சொந்தச் சேர்க்கை.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுவது அவர் வேலை. பெல்ட் ஓடுகிறவரை கரி சிந்தும். ஆக, வேலை நிரந்தரம், ஆள்தான் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் வருவார், அடையாள அட்டையின் நிறம் மாறும், அதே இடத்தில் அதே மண்வெட்டியோடு சிங்காரவேல் நிற்பார்.

இப்படிப்பட்டவர் 2014இல் முதல் ஸ்மார்ட்போன் வாங்கப் போனபோது கேமராவையா பார்ப்பார்? கடைக்காரர் சுதாகரிடம் நேராகக் கேட்டார்.

"தம்பி, இதுல எது பர்மனன்ட்டு?"

சுதாகரும் அந்த ஊர்க்காரர்தான், சிரிக்கவில்லை. "இந்த ஆண்ட்ராய்டு இருக்கு பாருங்கண்ணே, ஒருத்தன் செய்யிறான், பத்து கம்பெனிக்காரன் எடுத்து ஓட்டுறான். கான்ட்ராக்ட்டு மாதிரி. இது விண்டோஸ் போன். உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடுதே, அதே விண்டோஸ்."

"அப்ப ஐபோனு?"

"அது ஆபீசர் கேடருங்க."

சிங்காரவேலுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதிகாரி மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்தப் போனுக்கும் ஒரே முதலாளி என்றால், இதைவிடப் பர்மனன்ட் எது? தனக்குக் கிடைக்காதது தன் சட்டைப்பைக்காவது கிடைக்கட்டும் என்று வாங்கிவந்தார். கூட வேலை செய்தவர்களெல்லாம் ஆண்ட்ராய்டில் விதவிதமாக விளையாடிக்கொண்டிருந்தபோது, "உங்களுது கான்ட்ராக்ட்டுப்பா, எப்ப வேணா தூக்கிடுவான்" என்று இரக்கப்பட்டார். இரக்கப்படுவதற்கு அவருக்கும் நாலு பேர் கிடைத்தது அப்போதுதான்.

அந்தப் போனில்தான் 2016 ஆகஸ்டில் தொழிற்சங்கப் பிரமுகர் சிவப்பிரகாசம் வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினார். "சிங்காரவேலு, உம் பேரு லிஸ்ட்ல பதினேழாவதா இருக்குது. அடுத்த மாசம் பர்மனன்ட்டுதான். ஸ்வீட்டு வாங்கி வையி." ஸ்வீட் அன்றே வாங்கப்பட்டது, அன்றே தீர்ந்தது. அடுத்த மாதம்தான் மூன்று வருடமாகியும் வரவில்லை. ஆனாலும் செய்தி இருந்தது. மனசு கலங்கும்போதெல்லாம் சிங்காரவேல் அதைத் தட்டிக் கேட்பார், கேட்டால் சோறு இறங்கும்.

2019 டிசம்பரில் போனின் திரையிலேயே ஓர் அறிவிப்பு வந்தது. மாதக் கடைசியோடு விண்டோஸ் போன்களில் வாட்ஸாப் நின்றுவிடும். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கும் மகள் இசைப்பிரியா படித்துச் சொன்னாள்.

"அப்பா, இந்தப் போனு செய்யறதையே கம்பெனிக்காரங்க வுட்டுட்டாங்க. ஆண்ட்ராய்டு வாங்கிடு."

"பர்மனன்ட்ட எப்படிடி தூக்குவான்?" என்றார் சிங்காரவேல். அந்த அநியாயம் அவருக்கு உண்மையிலேயே வலித்தது. வேலையில் தூக்குவது பழக்கம். பர்மனன்ட்டையே தூக்குகிறார்கள் என்றால் அப்புறம் அவர் எதற்குத்தான் காத்திருக்கிறார்?

மாறாமல் இருக்கவும் வழியில்லை. யார் யாருக்கு எந்த ஷிப்ட் என்பதை சூப்பர்வைசர் வாட்ஸாப் குழுவில்தான் போடுவார். பார்க்காதவன் வராதவன், வராதவனுக்கு வேலை இல்லை. மாறினாலோ, பழைய பேச்செல்லாம் புதுப் போனுக்கு வராது. சிவப்பிரகாசத்தின் வாக்கும் போய்விடும்.

"எனக்கு ஃபார்வர்டு பண்ணு, நான் வெச்சிருக்கேன்" என்றாள் மகள்.

"ஃபார்வர்டு பண்ணா எம் பேருல இல்ல வரும்? அவரு பேரும் தேதியும் எங்க இருக்கும்? கையெழுத்து இல்லாத ஜெராக்ஸ எவன் மதிப்பான்?" இருபத்தொரு வருடத்தில் அவர் எத்தனை மனுக்களுக்கு ஒரிஜினல் காட்டியிருப்பார்!

மனைவி தனகோட்டி காடாம்புலியூர்க்காரி, முந்திரி உடைத்து உடைத்து விரல் மட்டுமல்ல, நாக்கும் காய்த்தவள். "மூணு வருசமா அதையே கேட்டுகினு கெடக்குறீங்க. அந்தாளு வூட்டு நாயிகூட அத நம்பாது" என்றாள். சிங்காரவேல் மறுபடியும் செய்தியைத் தட்டினார். நம்பாமல் இருக்க அவளுக்கு முந்திரி இருந்தது, அவருக்கு என்ன இருந்தது?

மூன்று வாரம் யோசித்தார். பெல்ட்டுக்கு அடியில் நின்று யோசித்தார், சைக்கிளில் போகும்போது யோசித்தார். கடைசி நாள் மாலை சுதாகர் கடையில் ஓர் ஆண்ட்ராய்டு வாங்கினார். "இது எத்தினி வருசம் கான்ட்ராக்ட்டு?" என்று மட்டும் கேட்டார்.

ஒரிஜினல் பிரச்சினைக்கு இசைப்பிரியாவே வழி கண்டுபிடித்தாள். பழைய போனின் திரையில் சிவப்பிரகாசத்தின் பேரும் தேதியும் தெரிய, செய்தி ஓட ஓட, புதுப் போனால் அதை வீடியோ எடுப்பது. சமையலறை வாசலில்தான் வெளிச்சம் நன்றாக இருந்தது. போன் நடுங்காமல் இருக்க சிங்காரவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டார், வேறு எந்தச் சத்தமும் அவர் காதில் ஏறவில்லை. ஒரே தடவையில் முடிந்தது. பார்க்காமலே பத்திரப்படுத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

புத்தாண்டுக் காலையில் பழைய போனில் வாட்ஸாப் திறக்கவில்லை. சொன்ன தேதியில் சொன்னபடி செய்தவர்களை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார்.

அந்த வாரமே சங்க ஆபீசில் கூட்டம். சிவப்பிரகாசம் கழுத்தில் போட்ட மாலை வாடாமல் உட்கார்ந்திருந்தார். சிங்காரவேல் எழுந்து பதினேழாம் நம்பரைப் பற்றிக் கேட்டார்.

"நான் எப்பப்பா அப்படிச் சொன்னேன்?" என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சிங்காரவேல் மூன்று வருடம் காத்திருந்தார். "ஆதாரம் இருக்குது தலைவரே" என்று புதுப் போனைத் தூக்கிப் பிடித்து, சத்தத்தை முழுசாக வைத்து, தட்டினார். முப்பது பேர் கழுத்தை நீட்டினார்கள். பேர் தெரிந்தது, தேதி தெரிந்தது, குரலும் சந்தேகமில்லாமல் வந்தது.

"...அடுத்த மாசம் பர்மனன்ட்டுதான்."

"ம்க்கும்!"

வீடியோவில், சமையலறைக்குள்ளிருந்து தனகோட்டி. கூடவே குக்கர் ஒரு விசில் அடித்தது.

சங்க ஆபீசே அதிர்ந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவதா பேசினவங்கள தலைவரா போடுங்கப்பா" என்றார். சிவப்பிரகாசமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போனார். சிங்காரவேலுக்கு அவமானத்தில் காது எரிந்தது. மூன்று வருட ஆதாரம் மூன்று நொடியில் தமாஷாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தார். தனகோட்டி குடத்தோடு தெருக்குழாய்க்குப் போயிருந்தாள், மகள் காலேஜில். புதுப் போன் 'டிங்' என்றது. சிவப்பிரகாசத்திடமிருந்து குரல் செய்தி. தட்டினார்.

"சிங்காரவேலு, முப்பது பேரு முன்னாடி இப்படிப் பண்ணலாமா? மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. புது லிஸ்ட்ல உம் பேரு ஒம்பதாவதா இருக்குது. அடுத்த மாசம் பர்மனன்ட்டுதான்."

"ம்க்கும்" என்று ஒரு சத்தம் கேட்டது. சிங்காரவேல் திடுக்கிட்டுச் சமையலறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. சத்தம் அவர் தொண்டையிலிருந்துதான் வந்திருந்தது.