செல்வி அக்கா வீடு தேடி வந்தார்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லில், ஆர்டர் இல்லையென்று என்னை நிறுத்திவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படித்தவன் நான். யார் என்ன கேட்பார்களோ என்ற கூச்சத்தில் போனை அணைத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

ஒரு மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அதே மில்லில் வேலை பார்க்கும் செல்வி அக்கா, ஷிஃப்ட் முடிந்த கையோடு, தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக நின்றார்.

“ஏலே, போனைக் கிணத்துலயா போட்ட? நீ வேலைக்கு எழுதிப் போட்ட கம்பெனியில உன்னையக் கூப்பிட்டுப் பாத்துட்டு, நீ குடுத்திருந்த என் நம்பருக்கு அடிச்சாவ. இன்னைக்கே இன்டர்வியூவாம். வரலன்னா வேற ஆள எடுத்துருவாவளாம்!”

“என்னையப் போய் யாருக்கா எடுப்பா?” என்றேன்.

“நூலு அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டுதோம்லா? அம்புட்டுதான். மொதல்ல குளிலே, இந்தக் கோலத்துல வாட்ச்மேனே உள்ள விடமாட்டான்!”

ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு, நான் வெளியே வரும்வரை கேட் வாசலிலேயே நின்றார். வேலை கிடைத்தது.

இப்போது தெரிந்தவர் யாருக்காவது வேலை போய்விட்டதென்று கேள்விப்பட்டால், போனில் ஆறுதல் சொல்வதில்லை. நேரே வீட்டுக்குப் போய்விடுகிறேன். பேச ஒன்றும் தோன்றாவிட்டாலும், செத்த நேரம் உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.