மீதி நான்கு சுற்று

எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று இருநூறு மீட்டர். போன வாரம் வரை, பத்துச் சுற்று முடிக்காமல் எந்தப் பிள்ளையையும் நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைக் காலைகளில் பயிற்சி கொடுக்கிறேன். வந்தவர்கள் எத்தனை, தண்ணீர் பாட்டில் எத்தனை, அவிழ்ந்து கிடக்கும் ஷூ நாடா எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். எண்ணாவிட்டால் ஏதோ தவறிவிடும் என்று பயம்.

நடுவில் நிற்கக் கூடாது என்பதுதான் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். வெடிச் சத்தத்துக்கும் அதே சட்டம்தான். எங்கள் ஊர் தாயில்பட்டியைச் சுற்றிலும் பட்டாசு ஆலைகள். செய்த சரக்கைத் தினமும் வெடித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பார்த்தால் எப்போது ஓடி முடிப்பது?

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆறாவது சுற்றை முடித்தபோது சத்தம் கேட்டது. செருப்பு வழியாகவே உள்ளங்காலில் அதிர்ந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"சார், எங்கம்மா கம்பெனிப் பக்கமா கேக்குது."

"டெஸ்ட் வெடிதான். ஆறு முடிஞ்சிருச்சு, நாலுதான் பாக்கி. ஓடு."

ஓடினாள். அந்த நான்கு சுற்றுக்கு மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. அதற்கு முன் அவள் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஒன்பதாவது சுற்றில் கருவேல மரங்களுக்கு மேலே புகை எழுவதைப் பார்த்தேன். இன்னும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பத்தை முடித்தவள் நிற்காமல் ஆலைக்கே ஓடினாள். தீக்காயம் பட்ட அவள் அம்மாவை ஏற்றிய வேன் அதற்குள் கிளம்பியிருந்தது. அம்மாவுடன் வேலை பார்த்த பெண் பிறகு என்னிடம் சொன்னாள்: "மகளத்தான் சார் கேட்டுக்கிட்டே இருந்தா. வேனு கெளம்பி மூணு நிமிசங்கூட ஆகல, பிள்ள ஓடியாந்துருச்சு."

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் அந்த அம்மா இறந்துவிட்டாள்.

அந்த ஆண்டு மாவட்ட ஓட்டப் போட்டியில் அந்தப் பெண்தான் முதலிடம். மேடையில் ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்ததும், "நடுவுல நிக்கக் கூடாதுன்னு எங்க சார் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். விடாமுயற்சியைப் பற்றி யாராவது பேசினால் இன்றும் அந்தக் கைதட்டல்தான் எனக்குக் கேட்கிறது.

இந்த ஆண்டு அவள் தன் மகளைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போது அவளுக்குத் திருத்தங்கலில் அச்சகத்தில் வேலை.

"நல்லா இருக்கீகளா சார்? இவளையும் ஓட வைங்க. எம்புட்டுச் சுத்து வேணும்னாலும் ஓடட்டும்." குனிந்து மகளின் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள். "சத்தம் கேட்டா மட்டும் இவள வீட்டுக்கு விட்டுருங்க சார்."

போன வாரம் சத்தம் கேட்டது. விசில் அடித்தேன். இருபத்து மூன்று பேரும் நின்றார்கள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அவள் மகள் மட்டும் நகரவில்லை. "எங்கம்மா அச்சாபீசுலல்லா சார் இருக்கு? இது டெஸ்ட் வெடியாத்தான் இருக்கும். எனக்கு இன்னும் நாலு சுத்து பாக்கி."

"பாக்கி இருக்கட்டும். போ."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். வானத்தில் புகை எதுவும் இல்லை. அது டெஸ்ட் வெடிதான். இருந்தும் அவள் கேட்டைத் தாண்டும் வரை நின்று அவள் காலடிகளை எண்ணினேன். நூற்று நாற்பத்தாறு.