பாதி நேர்த்தி

இலங்கையில் யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடங்கள் இருக்கும். கனடாவில், ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு பனிக்காலச் சனி ஞாயிறில் நடந்தது இது. சிகரெட்டை விட்ட மனிதன் ஒருவன் நல்லதாக ஒரு வேப் கருவி, அதாவது மின் சிகரெட், வாங்கப் போன கதை. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் முதல் நாள் சிரிப்பாகத்தான் இருந்தது.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எதைக் கண்டாலும் எனக்கு நோண்டிப் பார்க்க வேண்டும். புது மைக்ரோவேவ் வாங்கினால் சமைப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என்ன வேலை, எங்கே இறங்குகிறார், அந்த வேலைக்கு என்ன படித்தார் என்று எல்லாம் கேட்டுவிடுவேன். மனைவிக்கு இதனால் என்னோடு வெளியே வரவே வெட்கம்.

இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. என் அக்கா எப்படிச் செத்தாள் என்பதுதான் அது.

அக்காவும் தம்பியும் கடைசிவரை சண்டை நடந்த வன்னியில் இருந்தார்கள். கடைசி மாதங்களில் அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நாங்கள் இங்கே வேலை முடிந்ததும் டவுன்டவுனுக்குப் போய், யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கை விறைக்க விறைக்கப் பதாகை பிடித்துக்கொண்டு தெருவில் நின்றோம். அப்போது நான் ஊதித் தள்ளிய சிகரெட்டுக்கு அளவே கிடையாது. அந்த நாட்களில்தான் ஒரு விடியற்காலை, வேலைக்கு வெளிக்கிட முன், சாமிப் படத்துக்கு முன்னால் நின்று மன்னாரில் காட்டுக்குள் கோயில் கொண்டிருக்கும் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். மற்றவர்கள் மெழுகுதிரி, காணிக்கை என்று வைப்பார்கள். எனக்கு உலகத்தில் பிடித்த ஒரே சாமான் சிகரெட். அக்காவும் தம்பியும் உயிரோடு வெளியே வந்தால் இனிச் சிகரெட்டைத் தொடமாட்டேன் என்றேன்.

தம்பி வந்தான். தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த முகாமிலிருந்து யாருடைய போனிலோ இரண்டு வார்த்தை பேசினான். அக்கா வரவில்லை.

அன்றைக்கே சிகரெட் பெட்டியைக் கசக்கி எறிந்துவிட்டேன். நன்றியால் என்று நினைக்காதீர்கள், பயத்தால்தான். நான் ஒன்றைப் பற்ற வைத்தால் முகாமுக்குள் இருக்கிறவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். பிறகு அவனை வெளியே விட்டார்கள். மன்னாரில் மாமி வீட்டில் தங்கி, மீன்பிடி வள்ள எஞ்சின் திருத்தும் வேலைக்குப் போனான். அப்போதும் என் பயம் போகவில்லை. பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மாதாமேல் கோபம்.

நான் வேலை செய்த இடம் காருக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலை. பிரேக் நேரம் எல்லோரும் பின்கதவுக்கு வெளியே போய்ப் புகைப்பார்கள். நான் உள்ளே தேநீர்க் கோப்பையோடு இருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைக் கண்டு இரங்கிய ஒரு பிலிப்பீன்ஸ்காரர்தான் பேனா போல மெல்லிய ஒரு மின் சிகரெட்டை என் கையில் தந்தார். நுனியில் சிவப்பாக ஒரு லைட் எரியும். நெருப்பில்லை, சாம்பலில்லை. எனக்குப் புல்லரித்துப் போனது.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இது நேர்த்தியை முறிக்கிற வேலை என்றாள் மனைவி. இல்லை, இது புகையே அல்ல, ஆவி என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. கதிரையைப் போட்டு ஏறி, ஹோலில் இருந்த ஸ்மோக் அலாரத்துக்கு நேர் கீழே நின்று ஊதினேன். தோசைக்கல் கொஞ்சம் காய்ந்தாலே கத்துகிற சாமான் அது. ஒரு சத்தமும் இல்லை. அலாரமே புகையில்லை என்று சொல்லிவிட்டது, இனி மாதாவுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டுவிட்டுக் கதிரையிலிருந்து இறங்கினேன். மனைவி உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பேனாவோடு கொஞ்சக் காலம் ஓடியது. ஆனால் அது சரியான நோஞ்சான். ஷிஃப்ட் பாதியிலேயே பற்றரி செத்துவிடும். இழுத்தால் தண்ணீர்ச் சுவைதான் வரும். அப்படி ஒருநாள் அது கைவிட்டபோது, என்னை அறியாமலே பின்கதவுக்கு வெளியே போய் ஒருவரிடம் சிகரெட்டுக்குக் கை நீட்டிவிட்டேன். அவர் பெட்டியைத் திறக்க, எனக்குத் தம்பியின் முகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன். இனி நல்ல கருவி ஒன்று வாங்காவிட்டால் ஒருநாள் விழுந்துவிடுவேன் என்று விளங்கியது.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனேன். ஸ்காபரோவில் ஒரு சின்ன பிளாசாவுக்குள், நெயில் சலூனுக்குப் பக்கத்தில். உள்ளே போனதும் எனக்குத் திருவிழாக் கடைக்குள் போன மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தடித்தது, மெல்லியது, பெட்டி மாதிரி, டோர்ச் மாதிரி என்று எத்தனை வகை. தலைமயிருக்கு நீலச் சாயம் பூசிய ஒரு பெண் பிள்ளை நின்றாள். அவளை நான் விடவில்லை. உள்ளே சுருளாக இருக்கிற கம்பி எதனால் செய்தது, பஞ்சு எரியாதா, பற்றரியின் சக்தியைக் கூட்டினால் என்ன நடக்கும், உள்ளே ஊற்றுகிற மருந்து ஏன் தித்திக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளும் அலுக்காமல் ஒன்றைக் கழற்றி, சுருளைக் காட்டி, திரும்பப் பூட்டினாள். எனக்கு அன்றைக்கு அந்தச் சுருளே பெரிய அதிசயம்.

கடைசியில் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நீங்கள் இதோடு இருக்கப் போகிறீர்களா, இல்லை இதையும் விடப் போகிறீர்களா, அதற்கேற்ற மாதிரித்தான் எடுக்க வேண்டும் என்றாள். இவ்வளவு கேள்வி கேட்டவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இருக்கிறதில் வலுவானதைத் தா என்றேன். உள்ளங்கை நிறைகிற தடித்த கருவி ஒன்று, சக்தியைக் கூட்டிக் குறைக்கப் பக்கத்தில் ஒரு பட்டன். நிக்கொட்டின் கூடின மருந்துப் போத்தலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பாரும், இதுவும் அதே ஆவிதான் என்று சொல்லி, கதிரையைப் போட்டு, அதே அலாரத்துக்குக் கீழே ஏறி நின்று, பட்டனை முழுதாகக் கூட்டி, நெஞ்சு நிறைய இழுத்து ஊதினேன். ஹோலே வெள்ளையாகிவிட்டது.

அலாரம் கத்தத் தொடங்கியது. ஹோலில் மட்டுமில்லை, மேல்மாடியில் இருந்ததும் சேர்ந்து கத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். நான் கதிரையில் நின்று துவாயால் விசிற, மனைவி மீன் கையோடு ஓடிவந்து பனிக்குள் கதவைத் திறந்துவிட்டாள். சத்தம் ஒருவழியாக அடங்கியது. சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உங்கட சாட்சியே உங்களுக்கு எதிராச் சொல்லிப் போட்டுது," என்றாள்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. இத்தனை வருடம் உள்ளே கிடந்தது வாயால் வந்துவிட்டது. "ரெண்டு பேரைக் கேட்டனான். ஒராளைத்தான் தந்தவ. மாதா பாதி தந்தா நானும் பாதிதான் விடுவன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கேட்டது. மனைவி கதவைச் சாத்தினாள். கையைக் கழுவினாள். உந்தக் கதையைத் தம்பியிடம் சொல்லிப் பாருங்கோ என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசைக்குப் போக முன், போன் கார்டின் இலக்கத்தைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம். வழக்கமாக நானும் தம்பியும் காலநிலை, வேலை, மாமியின் முழங்கால் நோ என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தி, சிகரெட், பேனா, அலாரம், கடைசியில் அந்தப் பாதிக் கதையும். நான் நேர்த்தி வைத்ததே அவனுக்கு அதுவரை தெரியாது.



"அண்ணை, அங்க நேத்தி வைக்காத சனம் ஆர்?" என்றான். "பதுங்கிக் கிடந்த பங்கருக்குள்ள எல்லாரும் வைச்சவை. அக்காவும் வைச்சவ. நான் பக்கத்தில இருந்து கேட்டனான்."

என்ன வைத்தாள் என்று கேட்டேன்.

"இவனை மட்டும் வெளியால கொண்டுபோய் விடு தாயே, நான் உன்னட்ட நடந்து கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னவ. தனக்கெண்டு ஒண்டும் கேக்கேல்லை. அவ கேட்டது முழுக்கக் கிடைச்சுது அண்ணை. பாதி இல்லை."

அக்கா தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் குண்டு விழுந்ததாம். இரண்டு நாள் கழித்து இவன் வெளியே வந்தானாம். ஒவ்வொரு ஆவணித் திருவிழாவுக்கும் மடுவுக்கு நடந்து போகிறானாம், அக்கா கூட்டிப்போவதாகச் சொன்னதால். இத்தனை வருடம் எனக்கு அது தெரியாது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நான் அழுதேன். அவனும் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உந்த மிசின் எப்படி வேலை செய்யுது என்று கேட்டான். எங்கள் வீட்டு ரத்தம்! சுருள், பஞ்சு, பற்றரி என்று எல்லாம் விளங்கப்படுத்தினேன். வைக்கப் போகும்போது, "நீங்களும் இருக்கோணும் அண்ணை, எனக்கு வேற ஆர்?" என்றான். கார்ட் முடிந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் பூசைக்குப் பிந்தித்தான் போனோம். பூசை முடிந்து வரும்போது இன்னொரு கார்ட் வாங்கி, அக்காவைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன்.

உடனே எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன் என்று சொன்னால் பொய். அந்தத் தடித்த கருவி என்னோடு இருந்தது, பின்கதவுப் பக்கம் போகாமல் என்னைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் சில நாட்களில் நீலத் தலைமயிர்ப் பிள்ளையிடம் திரும்பப் போய், விடத்தான் போகிறேன் என்று அவளுடைய கேள்விக்குப் பதில் சொன்னேன். அவள் நிக்கொட்டின் குறைந்த போத்தலை எடுத்துத் தந்தாள். பிறகு அதிலும் குறைந்தது. கடைசியில் வெறும் தித்திப்பு மட்டும். என் பயம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நான் புகைத்தால் அவனுக்கு ஏதும் ஆகிவிடும் என்று இருந்த இடத்தில், நான் இல்லாவிட்டால் அவன் தனித்துப் போவான் என்பது வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வருட ஆவணிக்கு நான் ஊருக்குப் போனேன். தம்பியும் நானும் மடுச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, காட்டு வழியே நடந்தோம். வழி முழுக்க அவன் வள்ள எஞ்சின்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான், நான் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டு போனேன். கோயில் கோபுரம் தெரிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, கருவியை மன்னார் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், வழியில் ஒரு தரம்கூட அதைத் தேடவில்லை.

மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று நான் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா சொன்னபடி இவனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இன்றைக்கும் யாராவது சிகரெட்டை எப்படி விட்டாய் என்று கேட்டால் எந்தக் கருவி, எந்தப் போத்தல் என்று எல்லாம் விபரமாகச் சொல்வேன், ஆனால் மாதாவோடு கணக்குப் பார்க்கிற பழக்கம்தான் என்னை விட்டு முதலில் போனது, புகை அதற்குப் பின்னால்தான் போனது என்பது எனக்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.