எடை மெஷினுக்கு முன்னால் ஒரு கேள்வி

எடை குறைந்தால் கைதட்டுவது என் வழக்கம். எடை குறைக்க இரைப்பையில் 'பேண்ட்' என்கிற வளையம் போட்டுக்கொண்டவர்களுக்கு ஃபாலோ-அப் பார்க்கும் நர்ஸாகப் பல வருஷம் இருந்தேன். மெஷினில் ஒரு கிலோ இறங்கினாலும் வராந்தா வரை கேட்கும்படி தட்டுவேன். அந்தக் கைதட்டல்தான் ரஹீம் பாயை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

பாய் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருந்தார். இரைப்பையின் மேல்பக்கம் சிலிகோன் வளையம் போட்டு எட்டு வருஷம். தோலுக்கடியில் 'போர்ட்' என்று ஒரு சின்ன டப்பி இருக்கும்; அதில் ஊசி வழியாக சலைன், அதாவது உப்புநீர், ஏற்றினால் வளையம் இறுகிச் சாப்பாடு குறையும், எடுத்தால் தளரும். நடுவில் மூன்று வருஷம் ஆளையே காணோம். "எடதான் கொறஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு வரணும்னு இருந்துட்டேன் சிஸ்டர்" என்றார். எடை மறுபடி ஏறியதால்தான் வந்தார். கொஞ்சம் சலைன் ஏற்றி அனுப்பினோம்.

இரண்டே மாதத்தில் எட்டு கிலோ குறைந்திருந்தது. "சூப்பர் பாய்!" என்று தட்டினேன். அவர் உதடு காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

அவர் வெளியே போனதும் மனைவி பர்வீன் மட்டும் திரும்பி வந்தார்.

"கைதட்டுறீங்களே சிஸ்டர், கஞ்சி குடிச்சாக்கூட மேல வந்துடுது. படுத்தா நெஞ்செரியுதுன்னு உக்காந்தே தூங்குறாரு. சொன்னா வளையத்த எடுத்துடுவாங்கன்னு வாய மூடிக்கிட்டு இருக்காரு."

டாக்டரிடம் ஓடினேன். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால், வளையம் இடம் நகர்ந்து பாதையை அடைத்திருந்தது. "இன்னும் விட்டிருந்தா இரைப்பைக்கு ரத்த ஓட்டமே நின்னிருக்கலாம்" என்றார் டாக்டர். உடனே சலைன் முழுவதையும் எடுத்தோம். பிறகு பாய் அரை டம்ளர் தண்ணீர் குடித்தார். மேலே வரவில்லை. அழுதுவிட்டார். எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது.

வளையத்தை எடுக்கவேண்டும் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்ப எட ஏறிடுமே சிஸ்டர்? மாடிப்படி ஏற முடியாம கெடந்தவன் நானு."

"கொஞ்சம் ஏறும் பாய், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க எங்களோட இருப்பீங்க."

வளையத்தை எடுத்த பிறகு ஏறத்தான் செய்தது, ஒன்பது கிலோ. ஆனால் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மென்று, நிதானமாகச் சாப்பிடும் பழக்கம் வளையத்தோடு போய்விடவில்லை. காலையில் பர்வீனோடு பீச் ரோட்டில் நடக்கிறார்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ்களே, பேண்ட் போட்டவருக்கு எத்தனை வருஷம் ஆனாலும் செக்-அப் முடிவதில்லை. எடை மளமளவென்று குறைவதும் கெட்ட செய்தியாக இருக்கலாம். முதலில் கேளுங்கள், அப்புறம் மெஷினில் ஏற்றுங்கள்.

நான் ரிட்டயர் ஆன வாரம் பாய் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மெஷினுக்குப் போனார்.

"இருங்க பாய். காலைல என்ன சாப்ட்டீங்க?"

"ரெண்டு இட்லி."

"உள்ள இருக்கா?"

"இருக்கு சிஸ்டர். இப்பத் தட்டுங்க!"

தட்டினேன்.