திருப்பி விடாத பால்சுறா

நேற்றுக் காலை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மீன் விற்கிற பெடியனிடம், “தம்பி, பால்சுறா கிடக்குதோ?” என்று மெல்லத்தான் கேட்டேன். அவன் அரைச் சந்தைக்குக் கேட்கிற மாதிரி, “ஆரக்கா பிள்ளை பெத்தது? பால் காணாதாமோ?” என்றான். பக்கத்தில் நண்டு பார்த்துக்கொண்டிருந்த மனிசி நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தா. பிள்ளை பெற்றது என் தம்பியின் மனைவி, நானில்லை என்று அந்த மனிசிக்கும் சேர்த்து விளங்கப்படுத்த வேண்டியதாய்ப் போயிற்று. பால்சுறா இல்லை. முருங்கையிலை ஒரு பிடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாவில் உள்ளிப்பூண்டு போட்டு வறை செய்து கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சந்தையின் மீன் வாடை சேலையில் ஒட்டிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தது. அதோடு பழைய வள்ளக்காரர் மரியதாசண்ணையின் நினைவும் வந்தது. அந்தப் பெடியன் கூவிச் சொன்ன சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அந்த மனிதர் பட்ட பாடு இருக்கிறதே!

சண்டை முடிந்து, வெளியாட்கள் வரத் தொடங்கியிருந்த காலம். பட்டினத்தில் ஒரு விடுதியில் எனக்கு முதல் வேலை. தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிற வெள்ளைக்காரரைப் பண்ணைத் துறையிலிருந்து கடல்நீரேரிக்குள் கூட்டிப்போவார்கள். வள்ளம் மரியதாசண்ணையுடையது, இங்கிலிஷ் என்னுடையது. நானோ உரும்பிராய்த் தோட்டக்காரன் மகள். மீனைச் சட்டிக்குள் கண்டால்தான் பெயர் சொல்வேன். “குமர்ப்பிள்ளைக்குக் கடலிலை என்ன வேலை?” என்று அப்பா ஒரு கிழமை சத்தம் போட்டார். அம்மா ஒரு தொப்பி வாங்கித் தந்தா.

பங்குனியில் அந்த நீரேரியை நம்பவே கூடாது. வாடைக்காற்று போயிருக்கும், சோளகக்காற்று வந்திருக்காது. விடியப் பார்த்தால் எண்ணெய் மாதிரிக் கிடக்கும், தேத்தண்ணி குடித்து முடிய வள்ளம் தூக்கிப் போடும். மரியதாசண்ணை வானத்தைப் பார்த்து மழை வராது என்றால் நான் குடையை எடுத்துவிடுவேன். அவர் சொன்னது பாதி நாள் பிழையாகும். பிழைத்தால் அவரே முதலில் சிரிப்பார்.

ஒரு பங்குனி நாள் மட்டும் அவர் சிரிக்கவில்லை. வீட்டில் பெண்பிள்ளை பிறந்திருந்தது எனக்குத் தெரியும். “அக்காவும் பிள்ளையும் சுகமோ அண்ணை?” என்று கேட்டேன். “ஓம், ஓம்” என்று மற்றப் பக்கம் திரும்பி எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

வந்திருந்தவர் ஒரு தாடிக்காரர். குளிர்தேசத்து ஏரியில் அவரும் ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறவராம். அங்கே ஐஸ் உருகின கையோடு இப்படித்தான், ஒரே காலையில் வெயிலும் காற்றும் பனியும் வரும், அப்போதுதான் ட்ரவுட் மீன் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் ஏறும் என்றார். பிடிப்பார், படம் எடுப்பார், விட்டுவிடுவார். ஏரி மீன் வளரக் கனகாலம் எடுக்குமாம், இன்றைக்கு விட்டால்தான் பேரனுக்கும் ஒன்று இருக்குமாம். “விடுறதெண்டா ஏன் பிடிப்பான்?” என்று மரியதாசண்ணை கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.

திடீரென்று தூறல். தூண்டில் வளைந்தது. ஏறி வந்தது கை நீளத்தில் ஒரு பால்சுறா. தாடிக்காரர் குறட்டால் முள்ளைக் கழற்றத் தொடங்கினார்.

“தங்கச்சி, உந்தச் சுறாவை விடவேண்டாமெண்டு சொல்லு.”

நான் திகைத்துப்போனேன். பிடித்த மீன் பிடித்தவனுக்கு என்று இருக்கிறவர், ஒருநாளும் யாரிடமும் ஒன்று கேட்டதில்லை. சொன்னேன். தாடிக்காரர் மாட்டேன் என்று தலையாட்டினார், சின்னது, விடத்தான் வேண்டுமாம்.

“ஏனாம் எண்டு கேக்கிறார் அண்ணை.”

“கறிக்கெண்டு சொல்லு.”

கறிக்கென்றால் கரையில் வேறு மீன் வாங்கித் தருகிறேன் என்றார் தாடிக்காரர்.

“வேறை மீன் சரிவராது. இந்தக் காத்துக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை, சந்தையெல்லாம் தேடிட்டன்.” எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கதைத்தார். “பிள்ளை அழுது அழுது தொண்டை அடைச்சுப்போச்சு. அவளுக்கு... இல்லை.”

“என்ன இல்லை?”

உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை, அவ்வளவு மக்கு நான். சுறாவின் வால் தண்ணீரைத் தொட்டுவிட்டது.

“பால்!” என்று கத்தினார். மண்டைதீவு வரைக்கும் கேட்டிருக்கும்.

அதை இங்கிலிஷில் சொல்வது என் பாடாய்ப் போயிற்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வரும்போது ரீச்சர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினவ. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தாய், பிள்ளை, பால், இந்த மீன் என்று நாலு சொல்லைக் கோர்த்துச் சொன்னேன். தாடிக்காரர் விடப்போன கையை நிறுத்தினார். பிறகு சுறாவைத் தூக்கி மரியதாசண்ணையின் காலடியில் வைத்தார். தன் தூண்டிலை மடக்கினார். அவர் வீட்டுக்குப் போகட்டும், கரைக்குத் திரும்புவோம் என்றார். முழு நாளுக்குக் காசு கட்டியவர், அரை நாள்கூட ஆகவில்லை.

அடுத்த முறை கண்டபோது, “அக்கா சுகமோ?” என்றேன். “ஓம் தங்கச்சி, ரெண்டுபேரும் நல்ல நித்திரை” என்றார். சுறாதான் காரணமோ, அவ அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டதுதானோ, எனக்குத் தெரியாது. டொக்டர்மாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆனால் எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை.

விடுதியை மூடிவிட்டார்கள். மரியதாசண்ணை வள்ளத்தை விற்று இப்போது ஓட்டோ ஓடுகிறார். நேற்று பஸ்ஸிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணை, ஒரு பால்சுறா எடுக்கேலுமோ? தம்பி பெண்சாதிக்குப் பால் காணாது.”

எவ்வளவு இலேசாக என் வாயில் வந்துவிட்டது! அவர் சிரித்தார். பின்னால் ஒரு பெட்டை யாரையோ ஏசுவது கேட்டது.

“உவள்தான். அண்டைக்கு அழுதவள். இப்பவும் வாய் மூடமாட்டாள்” என்றார். பிறகு அவர் குரல் இறங்கியது.

“சுறாவுக்கு எங்கை தங்கச்சி போறது? இழுவைப் படகுகள் கடலை அடியோடை வழிச்சுக்கொண்டு போயிட்டுது. அந்தத் தாடிக்காரர் திரும்பி வந்தாலும், பிடிச்சு விடுறதுக்குக்கூட ஒண்டில்லை.”