இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவில் ஓர் இருக்கை

என் நாத்தனாருக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. என் வீட்டுக்காரருக்கு அவள் இன்னும் பாப்பாதான். மின்காந்தம் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் போடுகிறாள். எவ்வளவு மின்சாரம் விட்டால் எந்த இடத்தில் எவ்வளவு காந்தம் இருக்கும் என்று, கம்பியைச் சுற்றுவதற்கு முன்பே அவள் சொல்லிவிட வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கம்பியை மனசுக்குள் துண்டு துண்டாக வெட்டுவாள், பக்கத்துத் துண்டு அதிகம் தரும், தூரத்துத் துண்டு கொஞ்சம் தரும், எல்லாவற்றையும் கூட்டுவாள். மின்சாரம் போகும் பக்கம் கட்டைவிரலை நீட்டினால், மற்ற விரல்கள் மடங்கும் பக்கம் காந்தம் சுற்றுமாம். சாப்பிடும்போதுகூட விரலை நீட்டிக்கொண்டு யோசிப்பாள். “எந்த வண்டிய நிறுத்துற பாப்பா?” என்பார் இவர்.

இவர் முலாம் பூசும் பட்டறையில் மேஸ்திரி. போன வருஷம் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். காந்தம் இன்ன அளவைத் தாண்டும் இடத்தில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முலாம் தொட்டிகளுக்கோ தடித்த செம்புப் பட்டைகளில் பெரும் மின்சாரம் ஓடுகிறது. முதலாளி பயந்துபோய், வீட்டிலேயே இருங்கள் என்றார். பளபளப்பான எதைப் பார்த்தாலும் இவர் முகம் வாடியது. என் கரண்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பார்.

நாத்தனார் பட்டையின் நீளம், மின்சாரத்தின் அளவு எல்லாம் இவரிடமே கேட்டுக் கணக்குப் போட்டாள். பயமில்லை, திங்கட்கிழமை போகலாம் என்றாள். இவர் உடனே ஷூவைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

“என் சீட்டு ராஜா சீட்டு. இந்தப் பக்கம் ஒரு பட்டை, அந்தப் பக்கம் ஒரு பட்டை, நடுவுல நான்.”

அவள் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. மின்சாரம் போகிற பட்டையும் திரும்பி வருகிற பட்டையும் ஒட்டி ஓடுவதுதான் அவள் கம்பெனியில் வழக்கம். அப்போது ஒன்றின் காந்தத்தை மற்றது ஏறக்குறைய அழித்துவிடும். இங்கும் அப்படித்தான் என்று கேட்காமலே நினைத்துவிட்டாள். எதிரெதிர்ச் சுவர்களில் ஓடினால், நடுவில் இரண்டு காந்தமும் ஒன்றுசேர்ந்துகொள்ளும்.

“அண்ணா, போகாத. நான் தப்பா போட்டுட்டேன்.”

இவர் ஷூவை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். அப்புறம் தங்கையோடு பேச்சில்லை. அவளோ சாக்குச் சொல்லவும் இல்லை, அழவும் இல்லை. நேரே முதலாளியிடம் போய், திரும்பி வரும் பட்டையை மற்றதன் பக்கத்திலேயே கொண்டுவரச் சொன்னாள். வேலை நின்றுபோகுமே என்று அவர் முனகினார்.

“மேஸ்திரி இல்லாம முலாம் திட்டுத் திட்டா வருதாமே? அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?” என்று கேட்டாளாம். அடுத்த விடுமுறை நாளில் பட்டையை மாற்றினார்கள்.

அன்று நானும் கூடப் போனேன். இவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மின்சாரத்தை முழுசாக விடச் சொன்னாள் நாத்தனார். இருக்கையில் என்ன காந்தம் வரும் என்பதை முதலிலேயே எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். மீட்டரோடு நடைவழி நெடுக அளந்துகொண்டே போய், அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டேன். தன் தப்பை வாய்விட்டுச் சொன்ன பெண்ணை அவர் கைவிடக் கூடாது என்றுதான் கேட்டேன்.

மீட்டரும் அவள் சொன்னதையே காட்டியது. டாக்டர் சொன்ன அளவுக்கு வெகு கீழே. அங்கிருந்தே டாக்டருக்கு ஃபோன் போட்டாள். அவரும் சரி என்றார்.

கேட்டைத் திறந்துவிட்டார்கள். இவர் மெல்ல நடந்து வந்து தங்கைக்கு எதிரே நின்றார்.

“எழுந்திரு பாப்பா. அது என் சீட்டு.”