கை நனைக்காத தரகர்

காபி டம்ளரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்துவார் பிச்சமுத்து. "வாசமே போதுங்க." பிறகு பையிலிருக்கும் பாட்டிலை எடுத்து நீர்மோரை ஒரு மடக்குக் குடிப்பார். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் கல்யாணத் தரகர் அவர். முன்பெல்லாம் பெண் பார்க்கப் போகும் வீட்டில் முதலில் காலியாவது இவருடைய பஜ்ஜித் தட்டுதான்.

சித்திரையில் ஒரு கல்யாண வரவேற்பில் தின்ற காளான் பிரியாணி வினையாகிவிட்டது. ஆஸ்பத்திரி, குளுக்கோஸ் எல்லாம் ஆயிற்று. காய்ச்சல் போயிற்று, வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. பால் பட்டால் பொருமும், எண்ணெய் பட்டால் ஓட வைக்கும். கிருமி போனபிறகும் குடல் தேறக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்றார் டாக்டர். "வாடகைக்காரன் காலி பண்ணிட்டானுங்க. வீடுதான் இன்னும் ரிப்பேர்ல கிடக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். பிரியாணியைத் திட்டவும் வழியில்லை. அது அவரே முடித்துவைத்த கல்யாணம்.

போன ஞாயிறு ஜீயபுரத்தில், வாழை விவசாயி ராமர் வீட்டில் பெண் பார்க்கும் நாள். மகள் வைஷ்ணவிக்கும் மாப்பிள்ளை பிரவீன்ராஜுக்கும் போட்டோவிலேயே பிடித்துப்போயிருந்தது. ஏற்கெனவே வந்த வரன்கள் தட்டிப்போன வீடு அது. இதாவது அமையட்டும் என்று பிச்சமுத்து சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். பஜ்ஜி வந்தது. பழக்கதோஷத்தில் கும்பிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார்.

மாப்பிள்ளையின் அத்தை, கையிலெடுத்த பஜ்ஜியைத் திரும்ப வைத்தார். சம்பந்தம் பிடிக்காத வீட்டில் கை நனைப்பதில்லை, ஒரு வாய்கூடத் தின்பதில்லை என்பது அவர்கள் பக்கத்து வழக்கம்.

"புரோக்கரே கை நனைக்கலைங்களே. அவருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல போல."

"ஐயோ, எனக்கு வயிறு சரியில்லைங்க!"

"எல்லாரும் சொல்ற சாக்குதாங்க அது."

ராமரின் முகம் வெளுத்தது. கதவோரம் நின்ற வைஷ்ணவி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் பிச்சமுத்து தட்டை இழுத்தார். வாழைக்காய் பஜ்ஜி, வெங்காய பஜ்ஜி, அதன்மேல் கேசரி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு டம்ளர் பால் காபி. "அருமைங்க! இப்படிச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு!" அது மட்டும் பொய்யில்லை. அத்தை சிரித்துவிட்டார். மற்ற தட்டுகளும் காலியாயின.

நிச்சயத்துக்கு நாள் பார்க்கும்போது, பஞ்சாங்கத்தை ராமரிடம் திணித்துவிட்டுத் திடீரென எழுந்தார் பிச்சமுத்து. வைஷ்ணவி கொல்லைப்புறக் கதவைச் சட்டென்று திறந்து, வழியில் கிடந்த நாற்காலியை இழுத்து ஒதுக்கினாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, மறு கையால் அவளை ஆசீர்வதித்துக்கொண்டே ஓடினார் தரகர்.